ரசமட்டத்தின் குமிழி நகர்ந்தபோது

குமிழி நகர்ந்திருந்தது.

தரையும் சுவரும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவி ரசமட்டம். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் பச்சைத் திரவம், திரவத்துக்குள் ஒரு காற்றுக் குமிழி. இரண்டு கோடுகளுக்கு நடுவில் குமிழி நின்றால் எல்லாம் சரி. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் சைட் ஒன்றிலிருந்து சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, என் அக்கா மெர்சியின் கல்யாணக் கேக்கில் நடுத்தட்டைத் தாங்கும் பலகையின் விளிம்பில் வைத்திருந்தேன்.

காலையில் மூன்று தட்டுகளையும் அடுக்கி முடித்தபோது குமிழி நடுவில் இருந்தது. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் வலப்பக்கக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம்.

காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹால் அது. நான்கு மணிக்கு சர்ச்சில் கல்யாணம். அது முடிந்ததும் எல்லோரும் நேராக இங்கேதான் வருவார்கள். வாசல் வரைக்கும் காகிதத் தோரணம் கட்டியாகிவிட்டது. பின்பக்கத்தில் பிரியாணி வேகும் ஆவி, மூடிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஹாலில் இரண்டே பேர். மேடையில், கேக் மேசைக்குப் பக்கத்தில் நான். வாசலோரம் ஒரு நாற்காலியில் ரோஸ் அத்தை, மடியில் ஊதா நிறக் கம்பளி நூலோடு.

"இன்னாடி, அங்கயே பாத்துனு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

கேக்கைத்தான் பேசினார்கள்

இந்தத் தொடரில் அப்பாவின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதிய வாரத்தில், பின்சீட்டில் பெட்டியோடு வந்து இறங்கிய ரோஸ் அத்தையை ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். யார் அவர், ஏன் பெட்டியோடு வந்தார் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரம் அதைச் சொல்லாமல் கேக்கைச் சொல்ல முடியாது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவள் கல்யாணம் நடந்தபோது நான் சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருப்பது வெள்ளைக் கவுனின் கஞ்சி வாசனை, இறுக்கமான புது ஷூ, பிறகு ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணி மூட்டை ஒன்று தரையில் விழுந்தால் வருமே, அப்படி ஒரு 'தொப்'. அம்மா செய்த மூன்றடுக்குக் கேக்கின் மேலிரண்டு தட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசை விரிப்பையும் இழுத்துக்கொண்டு கீழே போயின. உச்சியில் நின்ற மாப்பிள்ளை பெண் பொம்மை என் காலடி வரை உருண்டு வந்தது. எடுக்கப் போன என் கையை யாரோ தட்டிவிட்டார்கள்.

மழைக்காலம். ஹாலில் பேண்ட் நின்றுவிட்டது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை ஒரு வருஷம்கூட அங்கே இருக்கவில்லை. அந்த மனிதர் அவளை அடித்தார். அது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் அப்பா ஸ்கூட்டரில் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் ஜனங்கள் பேசும்போது கேக்கைத்தான் பேசினார்கள். "அன்னிக்கே கேக் விழுந்துச்சு இல்ல" என்பார்கள். அடித்தவனைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை. கேக்கைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். அத்தை எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினாள், ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரானாள், எல்லோர் கல்யாணத்துக்கும் போனாள். கேக் மேசைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். அம்மா அதற்கப்புறம் அடுக்குக் கேக் செய்யவே இல்லை. கிறிஸ்மஸுக்குத் தட்டையாக ஒரு ப்ளம் கேக், அவ்வளவுதான்.

"நிக்க வெக்கிறது உன் வேலை"

மெர்சி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது தொண்ணூறுகளின் பின்பாதியில். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே, "கேக்க பேக்கரில சொல்லிடலாம். வீட்டுல எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 'ரிஸ்க்கு' என்ற சொல்லுக்கு அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

பதில் சொன்னது அம்மா இல்லை. அத்தை.

"வீட்டுலதான் செய்யறோம். மூணு தட்டு."

அன்று சாயங்காலம் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "செய்யறது என் வேலை. பூ போடறது உங்க அத்த வேலை. நிக்க வெக்கிறது உன் வேலை. கட்டடம் கட்டறவதானே நீ?"

நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து, தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் கணக்குப் போடும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பயம் வந்தால் எனக்குக் கை நடுங்காது. பட்டியல் போடுவேன். அன்றும் மனதுக்குள் போட்டேன்: கேக் எதனால் விழும்? மேசை ஆடலாம். தட்டுகளுக்கு நடுவில் நிற்கும் தூண் சரியலாம். பலகை வளையலாம். ஐசிங் இளகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் அடித்துச் செய்வது. காய்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி இறுகிவிடும். அதன் கீழே முந்திரிப் பருப்பு அரைத்த மர்சிபான், அதற்கும் கீழே பழங்கள் அடர்ந்த கேக். இந்த மூன்றும் சேர்ந்து தூண்களைத் தாங்க வேண்டும். தாங்குமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனைக் கேக் சுடச் சொல்லி, அதன் மேல் நான்கு தூண், தூண் மேல் பலகை, பலகை மேல் என் கல்லூரிப் புத்தகங்களை எல்லாம் ஏற்றினேன். மறுநாள் வரை அசையவில்லை. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எல்லோரும் அதை அறுத்துச் சாப்பிட்டோம்.

அடித்தட்டு எங்கள் வீட்டு ஓவனுக்குள் போகாது. கலவையை அண்டாவில் கலந்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய், தெருமுனைப் பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கினோம். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் ஒவ்வொரு மேட்டுக்கும், "மெல்ல போகவா சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு மேட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

ரம் பாட்டிலின் மட்டம்

கல்யாணக் கேக் சுட்ட உடனே ஐசிங் போடுவதில்லை. வாரக்கணக்கில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி டின்னில் வைத்து, அவ்வப்போது பிரித்து, நீளமான ஊசியால் குத்தி, ஸ்பூனால் ரம் விடுவார்கள். கேக் காய்ந்துபோகாது, கெட்டும் போகாது. முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு உச்சித் தட்டை எடுத்து வைக்க வேண்டுமே.

எங்கள் வீட்டில் இது அம்மாவின் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், சர்ச்சுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் செய்வார்.

அந்த வாரங்களில் வீட்டில் ஒரே ஒரு சண்டைதான். ரம் பாட்டிலில் மட்டம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குக்கு வாங்கினதுங்க இது" என்பார் அம்மா.

"நான் தொடவே இல்ல" என்பார் அப்பா.

"அப்ப பாட்டில் தானே குடிச்சிடுச்சா?"

"வேணும்னா வாய ஊதிக் காட்டறேன், வந்து பாரு."

"பொண்ணுக்குக் கல்யாணம். பேசற பேச்சப் பாரு."

அத்தை குனிந்தபடி பின்னிக்கொண்டிருப்பாள். அப்பா இன்னொரு பாட்டில் வாங்கி வந்து, எல்லோருக்கும் தெரியும்படி சீலை உடைத்து மேசையில் வைத்தார். அதுவும் இறங்கியது.

என் பட்டியலில் இது இல்லை. அப்பாவைத்தான் நானும் சந்தேகப்பட்டேன்.

இரண்டு பேர் ஊற்றிய கேக்

மறுபடியும் ஹாலுக்கு வருகிறேன்.

குமிழி கோட்டைத் தாண்டத் தொடங்கியிருந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் முன்னால் இருந்த தூணின் அடியில் ஐசிங்கில் மயிரிழை அளவுக்கு விரிசல். விரிசலைச் சுற்றி வெள்ளை மங்கி, பழுப்பாக ஈரம் கசிந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். ரம்.

சோதனைக் கேக்கில் இப்படி இல்லையே. அதே மாவு, அதே பழம், அதே கை. அப்புறம் ஏன்?

"அத்தை, அம்மா எத்தன தடவ ரம் ஊத்துனாங்க?"

ஊசிகள் நின்றன. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம."

"வேற யாராவது ஊத்துனாங்களா?"

அத்தை நூலை விரலில் சுற்றினாள்.

"அத்தை."

"புதன்கெழம உங்கம்மா மாதர் சங்கத்துக்குப் போவாங்க இல்ல, அப்ப நான் கொஞ்சம் வுடுவேன். காஞ்சிடக் கூடாதேன்னு. காஞ்சா பொடிப்பொடியா உதிரும், அன்னிக்கு மாதிரி ஆயிடக் கூடாதுன்னு…" அவள் நிறுத்திக்கொண்டாள். "கொஞ்சம்தான்டி. கொஞ்சம் கொஞ்சம்."

எங்கள் சைட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு எடுத்த கான்க்ரீட் கட்டி இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் ஊற்றுகிற இடத்தில் வேலை சுலபமாகட்டும் என்று யாராவது ஒரு வாளித் தண்ணீர் அதிகமாகக் கலந்திருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அந்தத் தூண் மட்டும் நிற்காது.

அத்தை எழுந்து மேடை வரை வந்துவிட்டாள். மேசையை நெருங்காமல், படிக்குக் கீழேயே நின்றாள். அவள் கண் கேக்கில் இல்லை, என் விரலில் இருந்த பழுப்பு ஈரத்தில் இருந்தது.

"ஷீலா. அதிகமா ஊத்துனா விழுமா?"

"உள்ள கூழாயிடும் அத்தை. தூண் எறங்கும்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கேக்குக்கும் ஊத்தினேன்டி" என்றாள். "யாருக்கும் சொல்லல. கல்யாணப் பொண்ணு தன் கேக்கத் தொடக் கூடாதும்பாங்க. அண்ணி அசந்த நேரம் பாத்து நானும் ஊத்தினேன். ஆசையா இருந்துச்சு." பிறகு, "இத்தன வருஷம் என் ராசின்னு நெனச்சினு இருந்தேனே" என்றாள்.

எனக்கு அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. ஆனால் குமிழி நகர்ந்துகொண்டிருந்தது.

ஊதா நிற சாக்ஸ்

மறுபடியும் பட்டியல். தட்டுகளைத் தனித்தனியாக மேசையில் பரப்பிவிடலாம். கேக் விழாது, ஆனால் 'நிக்கல போல' என்று ஊரே சொல்லும். அம்மாவைக் கூப்பிடலாம், அக்காவின் முக்காட்டுக்குப் பின் குத்திக்கொண்டிருப்பார், அவர் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவது வழி, தூண்களுக்குள்ளே கம்பி கொடுப்பது. தூண்கள் இரு முனையும் திறந்த குழாய்கள். உள்ளே ஒரு கம்பி, கேக்கைத் துளைத்து அடிப்பலகை வரை போனால், பாரம் கேக்கில் இறங்காது, மரத்தில் இறங்கும்.

நான்கு கம்பிகள் வேண்டும். ஒரே உயரத்தில் வேண்டும்.

பின்பக்கம் ஓடினேன். பிரியாணி செய்துகொண்டிருந்த பாயிடம் கபாப் கம்பிகள் இருந்தன. கரி பிடித்து, ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வில் மாதிரி. வெறும் கையோடு திரும்பி வந்தேன். அப்போதுதான் அத்தையின் மடியைப் பார்த்தேன்.

சாக்ஸ் பின்னுகிற ஊசிகள். எஃகு. இரண்டு பக்கமும் முனை. ஒரு செட்டுக்கு நான்கு, நான்கும் ஒரே அளவு.

"அத்தை, அதக் குடுங்க."

"எத? இது உங்கப்பா சாக்ஸ்டீ. குதிகால் வரைக்கும் பின்னிட்டேன்."

"ஊசி மட்டும் போதும்."

அவள் சாக்ஸைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், நான்கு ஊசிகளையும் ஒரே இழுப்பில் உருவினாள். கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

வெந்நீரில் கழுவித் துடைத்து, கேக்குக்குப் பக்கத்தில் வைத்து அளந்தேன். தேவையான உயரத்தைவிட ஒரு நெல் அளவு அதிகம். அது போதும், அந்த இடைவெளியை ஐசிங் மூடிவிடும்.

இனி மேலிரண்டு தட்டையும் பலகையோடு தூக்க வேண்டும். நான் ஊசி இறக்கி முடிக்கும்வரை யாராவது பிடித்திருக்க வேண்டும்.

"நீங்கதான் புடிக்கணும்."

"நானா?" அவள் இரண்டடி பின்னால் போனாள். "வேணான்டி. என் கை படக் கூடாது. அந்த பாயக் கூப்புடு."

"அவர் கை பூரா மசாலா அத்தை. அவருக்குத் தெரிஞ்சா பந்தல்காரருக்குத் தெரியும். மெர்சி கார விட்டு எறங்கறதுக்குள்ள சர்ச்சுக்கே தெரிஞ்சிடும்."

"எனக்குப் பயமா இருக்கு ஷீலா."

"எனக்கும்தான்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் நான் பயப்படாத பெண். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, படியேறி, கேக் மேசைக்கு வந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். மெதுவாக என் கையை எடுத்தேன். முழுப் பாரமும் அவளிடம். உச்சியில் இருந்த பொம்மை லேசாக ஆடியது.

தூண்களை எடுத்தேன். இடப்பக்கத் தூணின் அடியில் ஐசிங் ஓடு உடைந்து, உள்ளே கேக் மினுங்கியது. முதல் ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினேன். வெண்ணெயில் போவது மாதிரி போய், அடியில் மரத்தில் முட்டி நின்றது. இரண்டாவது. மூன்றாவது.

பின்கதவு தடதடத்தது. "மேடம்! உள்ள தட்டு அடுக்கணும்!"

"வராதீங்க!" என்று கத்தினேன். "கேக் வேல நடக்குது!"

"கேக் இன்னா மேடம், தூங்குதா? நான் ஓரமா…"

"வராத பாய்!" இது அத்தை. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் காலடிகள் விலகின.

நான்காவது ஊசியையும் இறக்கி, தூண்களை மேலே சொருகினேன். பலகையை இறக்கும்போது அத்தையின் கட்டைவிரல் நகங்கள் வெள்ளையாக இருந்தன. பலகை ஊசி முனைகளில் உட்கார்ந்தது.

ரசமட்டத்தை வைத்தேன். குமிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நின்றது. நடுவில்.

விரிசலை மறைக்க ஒரு வெள்ளை ஐசிங் ரோஜாவை வைத்தோம். ஊசியே இல்லாத முன்பக்க நடுவில், இன்னும் பெரிதாக ஒன்று. "வெட்டற எடம்" என்றேன். அத்தை தலையாட்டினாள்.

டிக்

சர்ச்சில் அக்கா சம்மதம் சொன்னது என் காதில் விழுந்ததா என்று இன்றும் தெரியவில்லை. எனக்குள் குமிழி ஓடிக்கொண்டே இருந்தது.

ஹாலுக்கு வந்ததும் பயம் இரண்டு மடங்கு. நான் கணக்கில் எடுக்காத எல்லாமே அங்கே இருந்தன: மேடைப் பலகையில் ஓடுகிற பிள்ளைகள், பேண்டின் பெரிய ட்ரம், கேக்குக்கு மேலே தொங்கும் காகிதப் பட்டாசு, பக்கத்தில் வந்து வந்து பார்க்கிற முகங்கள். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் சிலர் கேக்கைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அன்று சுவரோரம் போகவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே, ஒரு கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அக்காவின் முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். "பெரிய ரோஜா இருக்கிற எடத்துல வெட்டு. வேற எங்கயும் வேணாம்."

"ஏன்டி?"

"சொன்னதச் செய்யேன்."

மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்ல வந்த மாமா, ஆதாம் ஏவாளில் ஆரம்பித்து மெதுவாக இந்தக் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார். ஒருவழியாகக் கத்தி மாப்பிள்ளை கைக்குப் போனது. ரிப்பன் கட்டிய நீளக் கத்தி. அக்கா அதை ரோஜா பக்கம் இழுத்தாள். அவரோ, கேமராக்காரர் கையைக் காட்டிய பக்கம் திரும்பி, ஓரமாக, ஆவேசமாக இறக்கினார்.

'டிக்.'

எஃகில் எஃகு பட்ட சத்தம். பட்டாசு வெடித்துக் காகிதத் துணுக்குகள் கொட்டின, பேண்ட் அதிர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த 'தொப்'புக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது மூன்று தட்டும் நின்றுகொண்டிருந்தன. உச்சிப் பொம்மையின் தலையில் ஒரு சிவப்புக் காகிதத் துணுக்கு.

கேட்ட கேள்வி

கூட்டம் பிரியாணிக்கு நகர்ந்த பிறகு, உச்சித் தட்டை எடுத்து டின்னில் வைத்து அக்காவின் பெட்டியோடு அனுப்பினோம். அம்மாவும் அத்தையும் அடித்தட்டைத் துண்டு போட்டு, விருந்தாளிகளுக்குக் கொடுக்கக் காகிதத்தில் சுற்றினார்கள். நான் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினேன்.

அம்மா அவற்றைப் பார்த்தார். "இது இன்னாது?"

அத்தை ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றியபடியே, தலை நிமிராமல் கேட்டாள். "அண்ணி, என் கல்யாணக் கேக்குக்கு நீங்க வாராவாரம் ரம் வுட்டீங்க இல்ல?"

அம்மாவின் கை நின்றது. எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேக்கைப் பற்றி அத்தை எதிரில் பேசியதில்லை. அத்தையும் பேசியதில்லை.

"வுட்டேன். ஏன் ரோஸு?"

"நானும் வுட்டேன்."

அம்மா அவளைப் பார்த்தார். ஊசிகளைப் பார்த்தார். என் விரலெல்லாம் ஒட்டியிருந்த ஈரக் கேக்கைப் பார்த்தார். அம்மாவுக்கு இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் கேக் தெரியும்.

"இதுக்குமா?"

"புதன்கெழம புதன்கெழம."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என் கையாலதான் உன் வாழ்க்க போச்சுன்னு…" என்று தொடங்கினார். அத்தை கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கால இல்ல அண்ணி. அந்த ஆளாலதான்."

அவள் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றுதான்.

அந்த நேரத்தில் அப்பா, டையைத் தளர்த்திக்கொண்டு வந்தார். "என்ன, ரெண்டு பேரும் அழறீங்க? பொண்ணு நாலு தெரு தள்ளிதான போறா?"

"ரம்ம நீங்க குடிக்கலீங்க" என்றார் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதத்தானே நானும் அப்பலேந்து சொல்லினு இருக்கேன்!"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தப் பாதி சாக்ஸை எடுத்தாள். கழன்றிருந்த கண்ணிகளை விரலால் நீவினாள். "இத்தன வருஷம் இந்த வீட்டுல இருக்கேன், என் கேக்கு ருசி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வாரிக் கொட்டிட்டாங்க" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

நான் நான்கு ஊசிகளையும் அவளிடம் நீட்டினேன். பழுப்புப் பிசுக்கும், ஒன்றில் ஒரு திராட்சைத் தோலும் ஒட்டியிருந்தன. துடைத்துத் தருகிறேன் என்றேன். அவள் விடவில்லை. ஒன்றை வாங்கி, குழந்தைகள் ஐஸ் குச்சியைச் சுவைப்பது போல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாக்கில் இழுத்தாள்.

"ரம் ஜாஸ்திதான்" என்றாள். அதே ஊசியில் முதல் கண்ணியை ஏற்றினாள்.